ஆறுதல் மகளிர் இழப்பீடு: யார் பையிலிருந்து, எந்தச் சட்டப்படி, யாரைக் கேட்டு?

போர்க்காலத்தில் ஜப்பானியப் படைகளின் பாலியல் நிலையங்களில் அடைக்கப்பட்ட பெண்களைத்தான் ஆறுதல் மகளிர் என்கிறார்கள். தென்கொரியாவோடு 2015-ல் செய்த உடன்பாட்டின்படி, 2016 ஆகஸ்ட் இறுதியில் ஜப்பான் அரசு அவர்களுக்காகச் சியோலில் இயங்கிய ஓர் அறக்கட்டளைக்கு 100 கோடி யென் அனுப்பியது. இரண்டு ஆண்டு கழித்து, 2018 ஜூலையில், தென்கொரிய அரசு அதற்குச் சமமாக 1,030 கோடி வோனைத் தன் கஜானாவிலிருந்து எடுத்துத் தனியே ஒதுக்கி வைத்தது. ஜப்பான் தந்த காசில் இந்தக் காரியம் நடந்ததாக இருக்கக் கூடாது என்பது அதன் எண்ணம். உடன்பாடு முடிந்தது முடிந்ததுதான் என்பது ஜப்பானின் நிலை. அறக்கட்டளை கலைக்கப்பட்டுவிட்டது. ஜப்பான் கொடுத்ததில் ஏறத்தாழப் பாதி செலவாகாமல் நின்றுபோனது.

இதைச் செய்தியில் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஜப்பான் பணமே கொடுக்கவில்லை என்பார்கள். இல்லையென்றால், கொரியாவுக்கு எவ்வளவு கொடுத்தாலும் போதாது என்பார்கள். இரண்டுமே சரியில்லை. 1965, 1997, 2016 என மூன்று முறை பணம் கைமாறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அது எங்கே முறிந்தது என்று ஆவணங்களை வைத்துத் துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஒரு தடவைகூடத் தொகை குறைவு என்பதால் முறியவில்லை. யார் பையிலிருந்து வந்தது, எந்தப் பொறுப்பை ஏற்று வந்தது, வாங்க வேண்டியவளைக் கேட்டுவிட்டு வந்ததா என்ற இடங்களில்தான் முறிந்தது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1932-ல் ஷாங்காயில் ஜப்பானியக் கடற்படை இப்படிப்பட்ட முதல் நிலையத்தைத் தொடங்கியது. 1937 டிசம்பரில் நான்ஜிங் வீழ்ந்த பிறகு தரைப்படை போன இடமெல்லாம் இந்த நிலையங்கள் பரவின. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பர்மா, சிங்கப்பூர், நம் அந்தமான் வரை. கொரியா, தைவான், சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய இடங்களின் பெண்களும், ஜாவாவில் முகாம்களில் அடைபட்டிருந்த டச்சுப் பெண்களும் இவற்றில் வைக்கப்பட்டார்கள். மொத்தம் எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்களின் கணிப்பு இருபதாயிரத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் வரை விரிகிறது. தோல்வி நெருங்கியபோது ஆவணங்களை எரித்ததுதான் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு முக்கியக் காரணம்.

1965-க்கு வருவோம். இந்தத் தகராறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1951 செப்டம்பரில் கையெழுத்தான சான் பிரான்சிஸ்கோ அமைதி ஒப்பந்தத்தின் 14-வது பிரிவு போர் இழப்பீடு பற்றியது. நேச நாடுகள் தங்களுக்காகவும் தங்கள் குடிமக்களுக்காகவும் மேற்கொண்டு உரிமை கோருவதை அதில் கைவிட்டன. கொரியா அந்த மேசையில் இல்லை. அது ஜப்பானோடு போரிட்ட நாடாகக் கணக்கில் வரவில்லை. ஜப்பானின் காலனியாக இருந்து பிரிந்த நிலமாகத்தான் பார்க்கப்பட்டது. ஆகவே கொரியாவுக்கு 4-வது பிரிவுதான் மிஞ்சியது. பிரிந்துபோன நிலப்பகுதிகளுடன் சொத்து, கடன் கணக்கை ஜப்பான் தனியே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறது அது. ஆக, கொரியா பேசியது பாகப்பிரிவினைக் கணக்கு. குற்றத்துக்கான இழப்பீடு அந்த மேசைக்கு வரவே இல்லை.

அந்தப் பேச்சு 1951 முதல் 1965 வரை இழுத்தது. கொரியத் தரப்பு எட்டு இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வைத்தது. ஜப்பானுக்கு எடுத்துச் செல்லப்பட்ட தங்கமும் வெள்ளியும், அஞ்சலகச் சேமிப்பு, கொரியாவில் தலைமையகம் வைத்திருந்த நிறுவனங்களின் சொத்து, கடன் பத்திரங்கள், கட்டாயமாக வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்கு வராத சம்பளம் என்று போகிறது அது. இராணுவ நிலையங்களில் அடைக்கப்பட்ட பெண்கள் பற்றி அந்த எட்டில் ஒரு வரிகூட இல்லை. 1965 ஜூன் 22-ல் கையெழுத்தான உரிமைகோரல் ஒப்பந்தத்தின் முதல் பிரிவு 30 கோடி டாலர் மானியமும் 20 கோடி டாலர் கடனும் தருவதாகச் சொல்கிறது. மானியம் ரொக்கமாக வரவில்லை. பத்தாண்டுகளில் ஜப்பானியப் பொருட்களாகவும் சேவைகளாகவும் வந்தது. இரண்டாம் பிரிவு, இரு நாடுகளுக்கும் அவற்றின் மக்களுக்கும் இடையிலான சொத்து, உரிமை, கோரிக்கைகள் எல்லாம் முழுமையாகவும் இறுதியாகவும் தீர்ந்துவிட்டன என்கிறது. மூன்றாம் பிரிவைப் பின்னால் பார்ப்போம்.

ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, பாதிக்கப்பட்ட பெண்ணைக் கூப்பிடாமலேயே அவள் அப்பன் கையில் ஒரு தொகையைக் கொடுத்துப் பஞ்சாயத்தைக் கலைத்த கதைதான் இது. ஆவணம் இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, பணமும் போயிருக்கிறது. அவளுக்கு விஷயமே தெரியாது.

கட்டாய உழைப்பாளர்களுக்குத் தனித்தனியாகத் தரும் யோசனை பேச்சுவார்த்தையில் எழுந்தபோது, கொரியத் தரப்பே அதை உள்நாட்டில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னது. வந்த தொகையின் பெரும்பகுதி போஹாங் உருக்காலை, சியோல்–பூசான் நெடுஞ்சாலை போன்றவற்றுக்குப் போனது. தனிநபர்களுக்கு 1970-களின் நடுவில் கொஞ்சம் போனது. கட்டாயமாக இழுத்துச் செல்லப்பட்டு இறந்த 8,552 பேரின் குடும்பங்களுக்குத் தலா 3 லட்சம் வோன். உயிரோடு திரும்பியவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆறுதல் மகளிர் அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படவில்லை. இதில் கொரிய அரசின் பொறுப்பைச் சொல்லாமல் ஜப்பானை மட்டும் குறை சொல்லும் கட்டுரைகளை நான் முழுதாக நம்புவதில்லை.

1991 ஆகஸ்ட் 14 அன்று கிம் ஹாக்-சுன் சியோலில் தன் பெயரையும் முகத்தையும் வெளிக்காட்டி நடந்ததைச் சொன்னார். கொரியாவில் அப்படிப் பொதுவில் பேசிய முதல் பெண் அவர். அந்த டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அதுவரை ஜப்பான் அரசு சொல்லிவந்தது, இதெல்லாம் தனியார் தரகர்கள் செய்த வேலை என்று. 1992 ஜனவரியில் வரலாற்றாசிரியர் யோஷிமி யோஷியாகி பாதுகாப்பு முகமையின் நூலகத்திலிருந்தே இராணுவ ஆவணங்களை எடுத்து வெளியிட்டதும் அந்தப் பேச்சு நின்றது. 1993 ஆகஸ்ட் 4-ல் அமைச்சரவைத் தலைமைச் செயலர் கோனோ யோஹெய், இராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கும் அறிக்கையை வெளியிட்டார். இழப்பீடு பற்றி அதில் எதுவும் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 1991 ஆகஸ்டில் ஜப்பான் வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவுத் தலைவர் யானாய் ஷுன்ஜி நாடாளுமன்றத்தில் சொன்ன பதில் அது. 1965 ஒப்பந்தத்தில் இரு அரசுகளும் விட்டுக்கொடுத்தது, தம் குடிமக்களுக்காக ஓர் அரசு இன்னோர் அரசிடம் போய்க் கேட்கும் அதிகாரத்தை மட்டுமே. தனிநபரின் உரிமை உள்நாட்டுச் சட்டப்படி அழிந்துவிடவில்லை என்றார். அப்படியானால் அந்த உரிமையோடு ஒருத்தி எந்தக் கதவைத் தட்டுவது? அடுத்த முப்பது ஆண்டு இந்தக் கேள்வியோடுதான் கழிந்தது.

ஜப்பான் தேடிய வழி 1995 ஜூலையில் பிறந்த ஆசிய மகளிர் நிதி. சட்டப்படி எல்லாம் தீர்ந்துவிட்டது என்ற நிலைப்பாட்டை விடாமலேயே பெண்களுக்குப் பணம் தர வேண்டும். அரசு நேரடியாக இழப்பீடு என்று கொடுத்தால் அந்த நிலைப்பாடு உடையும். அதனால் ஒரே பொதிக்குள் மூன்று பொருட்களை வைத்தார்கள். முதலாவது, ஜப்பானியப் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையிலிருந்து ஆளுக்கு 20 லட்சம் யென். அடுத்தது, அரசுப் பணத்தில் மருத்துவ, நல உதவி. கொரியா, தைவான், நெதர்லாந்துக்கு ஆளுக்கு 30 லட்சம் யென், விலைவாசியைக் கணக்கிட்டுப் பிலிப்பைன்ஸுக்கு 12 லட்சம் யென். கடைசியாக, பிரதமர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம். அந்தக் கடிதம் தார்மிகப் பொறுப்பைப் பேசியது. சட்டப் பொறுப்பைப் பேசவில்லை.

கணக்கைப் பாருங்கள். பிலிப்பைன்ஸில் 211, கொரியாவில் 61, தைவானில் 13, ஆக 285 பேருக்கு இந்த 20 லட்சம் போனது. மொத்தம் 57 கோடி யென். பொதுமக்கள் கொடுத்த நன்கொடையும் ஏறத்தாழ அதே அளவுதான். நிர்வாகச் செலவு முழுவதையும் மருத்துவ உதவியையும் ஏற்று நன்கொடையைவிடப் பல மடங்கு செலவு செய்த அரசு, இந்த 57 கோடியை மட்டும் தன் பட்ஜெட்டில் காட்ட மறுத்தது. காசுத் தட்டுப்பாடு இல்லை. எந்தத் தலைப்பில் எழுதுவது என்பதுதான் சிக்கல். நன்கொடை கொடுத்த சாதாரண ஜப்பானியர்கள் மனமார வருந்திக் கொடுத்தவர்கள். அவர்களை அரசு ஒரு மறைப்பாக வைத்துக்கொண்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

1997 ஜனவரியில் கொரியாவில் ஏழு பெண்கள் இந்தப் பணத்தை வாங்கினார்கள். அவர்களுக்கு நேர்ந்தது கொடுமை. அமைப்புகள் அவர்களைக் கண்டித்தன, பத்திரிகைகள் ஏசின. 1998-ல் கொரிய அரசு தன் பங்காகவும் திரட்டிய நிதியாகவும் ஆளுக்கு ஏறத்தாழ 3.8 கோடி வோன் கொடுத்தபோது, ஜப்பான் நிதியை வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. எழுபதைத் தாண்டிய, வாடகை வீட்டில் மருந்துச் செலவோடு இருக்கும் ஒரு பாட்டியிடம், நீ இந்தப் பணத்தைத் தொட்டால் அந்தப் பணம் கிடையாது என்றால், தேர்வு அவளுடையது என்று எப்படிச் சொல்ல முடியும்?

பிலிப்பைன்ஸில் இதே நிதி வேறு மாதிரி நடந்தது. அங்கே முதலில் பொதுவில் பேசிய மரியா ரோசா ஹென்சன் 1996 ஆகஸ்டில் அதை வாங்கினார்; டோக்கியோ நீதிமன்றத்தில் ஜப்பான் அரசுமீது போட்ட வழக்கையும் விடவில்லை. உரிமையைக் கைவிடுகிறேன் என்று எழுதி வாங்கும் நிபந்தனை அந்த நிதியில் இல்லாததால் இது முடிந்தது. விண்ணப்பங்களை நீதித் துறை சரிபார்த்தது. மருத்துவ உதவியைச் சமூக நலத் துறை நடத்தியது. வாங்குவோர் வாங்கட்டும், மறுப்போர் மறுக்கட்டும் என்று அங்குள்ள அமைப்பு விட்டுவிட்டது. ஒரே திட்டத்தில் ஓரிடத்தில் ரணமும் இன்னோரிடத்தில் ஓரளவு ஆறுதலும் விளைந்ததற்கு இந்த ஒரு வேறுபாடு பெரிய காரணம். நெதர்லாந்தில் 79 பேருக்கு மருத்துவ உதவி மட்டும் போனது. இந்தோனேசியாவில் தனிநபருக்கு எதுவும் இல்லை. அரசின் விருப்பப்படி முதியோர் இல்லங்கள் கட்டப்பட்டன. 2007 மார்ச்சில் நிதி மூடப்பட்டது.

இந்த நிதி தொடங்கிய சமயத்தில்தான் ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ராதிகா குமாரசுவாமி சியோலுக்கும் டோக்கியோவுக்கும் போய் விசாரித்தார். கொழும்பில் பிறந்த தமிழரான இவர் 1996-ல் அளித்த அறிக்கைதான் இந்த முறையை இராணுவப் பாலியல் அடிமைத்தனம் என்று ஐ.நா. ஆவணத்தில் பதித்தது. பரிந்துரைகளில் நடைமுறைக்கு மிக நெருக்கமான ஒன்று இருந்தது: பெண்கள் முதுமையில் இருப்பதால், குறுகிய கால வரையறையோடு ஒரு தனி நிர்வாகத் தீர்ப்பாயம் அமைத்து ஒவ்வொருவரின் கோரிக்கையையும் முடிக்க வேண்டும் என்பது. அது நடக்கவில்லை. அறிக்கை மேற்கோள் காட்டிய யோஷிதா செய்ஜி என்பவரின் வாக்குமூலம் பொய் என்று பின்னர் தெரிந்தது. அதைக் காட்டி 2014-ல் ஜப்பான் திருத்தம் கேட்டது. தன் அறிக்கைக்கு அது பல சான்றுகளில் ஒன்றே என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். பெண்களின் நேரடிச் சாட்சியம் நிற்கும் வரை அந்த மறுப்பு சரியானது என்பதே என் கருத்து.

ஜப்பான் நீதிமன்றங்களுக்குப் போன வழக்குகள் கடைசியில் எல்லாமே தோற்றன. தோற்ற காரணங்கள் வழக்குக்கு வழக்கு மாறின. மெய்ஜி அரசியலமைப்புக் காலத்தில் அரசின் அதிகாரச் செயலுக்கு அரசுமீது நஷ்டஈடு கேட்க முடியாது என்பது ஒன்று. சிவில் சட்டத்தின் 20 ஆண்டு வரம்பு கடந்துவிட்டது என்பது இன்னொன்று. சர்வதேசச் சட்டம் தனிநபருக்கு நேரடி உரிமை தருவதில்லை என்றும் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் கைவிடப்பட்டது என்ற காரணம் எப்போதும் கையிருப்பில் இருந்தது. ஆனாலும் பல தீர்ப்புகள், நடந்ததை நடந்ததாகவே பதிவு செய்தன.

ஒரே ஒரு கீழ்நீதிமன்றம் மாறி நின்றது. 1998 ஏப்ரல் 27 அன்று யாமாகுச்சி மாவட்ட நீதிமன்றத்தின் ஷிமோனோசெகி கிளை, கொரியாவிலிருந்து வந்த மூன்று பெண்களுக்கு ஆளுக்கு 3 லட்சம் யென் தர உத்தரவிட்டது. போர்க்காலக் குற்றத்துக்காக அல்ல. 1993-ல் கோனோ அறிக்கை வந்த பிறகு, நாடாளுமன்றம் இவர்களுக்கு நிவாரணச் சட்டம் இயற்றாமல் இருந்ததே தவறு என்பதற்காக. காலவரம்பு, பழைய அரசியலமைப்பு ஆகிய இரண்டு சுவர்களையும் நேராக முட்டாமல் சுற்றிப் போன கெட்டிக்காரத் தீர்ப்பு அது. 2001-ல் ஹிரோஷிமா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது; 2003-ல் உச்ச நீதிமன்றமும் கைவிட்டது. 2007 ஏப்ரல் 27-ல் சீனப் பெண்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கடைசிக் கதவையும் சாத்தியது. 1972-ன் சீன–ஜப்பான் கூட்டறிக்கையும் சான் பிரான்சிஸ்கோ சட்டகத்துக்குள் வருவதால், உரிமை இருந்தாலும் நீதிமன்றம் வழியாகக் கேட்கும் சக்தி அதற்குக் கிடையாது என்றது.

மூன்றாம் பிரிவு இங்கேதான் வருகிறது. 1965 ஒப்பந்தத்தில் பொருள் குறித்துத் தகராறு வந்தால் முதலில் தூதரக வழியில் பேச வேண்டும். முடியாவிட்டால் நடுவர் குழு. ஒரு நாடு நடுவர் கோரி அனுப்பிய கடிதம் மற்ற நாட்டுக்குக் கிடைத்த 30 நாளுக்குள் இரு நாடும் ஆளுக்கு ஒரு நடுவரை நியமிக்க வேண்டும், அடுத்த 30 நாளுக்குள் மூன்றாமவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2005-ல் கொரியா பழைய பேச்சுவார்த்தை ஆவணங்களைத் திறந்தது. ஆறுதல் மகளிர் விவகாரம் 1965-ல் தீரவில்லை என்று அதன் அரசுக் குழு அறிவித்தது. அறிவித்துவிட்டுச் சும்மா இருந்தது. 2011 ஆகஸ்ட் 30-ல் கொரிய அரசியலமைப்பு நீதிமன்றம், மூன்றாம் பிரிவின்படி நடவடிக்கை எடுக்காமல் அரசு சும்மா இருப்பது அரசியலமைப்புக்கு எதிரானது என்று சொன்னது. அதன் பிறகு கொரியா பேச அழைத்தது, ஜப்பான் இணங்கவில்லை. நடுவர் கட்டத்துக்குக் கொரியா போகவில்லை. 2019-ல் கட்டாய உழைப்பு வழக்கில் ஜப்பான் இதே பிரிவின்கீழ் நடுவர் கோரியபோது கொரியா ஒத்துழைக்கவில்லை. தோற்கலாம் என்று இரு தரப்புக்கும் பயம். அந்தப் பயத்தின் விலையை இரு தரப்பும் கொடுக்கவில்லை.

2015 டிசம்பர் 28 உடன்பாடு இந்த நெருக்கடியில் பிறந்தது. அதில் முன்னேற்றம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. பொறுப்பு என்ற சொல்லுக்கு முன்னால் இருந்த தார்மிகம் நீங்கியது. 100 கோடி யென் முழுதும் அரசு பட்ஜெட்டிலிருந்து வந்தது. பிரதமர் அபேயின் மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருந்த 47 பேரில் 35 பேர் ஆளுக்கு 10 கோடி வோன் வாங்க முன்வந்தார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 2 கோடி வோன்.

ஆனால் செய்த விதம் அதைக் கெடுத்தது. இரு வெளியுறவு அமைச்சர்களும் ஒரு செய்தியாளர் கூட்டத்தில் ஆளுக்கொன்றாக வாசித்தார்கள். இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் கிடையாது. பேரம் தூதரகத்தைத் தாண்டி உயர்மட்ட இரகசியப் பாதையில் நடந்தது. பெண்களிடம் முன்கூட்டி முறையாகக் கேட்கவில்லை. பணம் சட்டரீதியான இழப்பீடு அல்ல என்று ஜப்பான் உடனே சொல்லிவிட்டது. சியோலில் ஜப்பான் தூதரகத்தின் எதிரே இந்தப் பெண்களின் நினைவாக 2011 டிசம்பரில் வைக்கப்பட்ட சிறுமி சிலை விஷயத்தில் கொரியா தக்கபடி தீர்வு காண முயலும் என்ற வரியும் உள்ளே இருந்தது. மன்னிப்பின் விலையாகச் சிலையைக் கேட்கிறார்கள் என்று அந்தப் பெண்கள் அதைப் படித்ததில் ஆச்சரியமில்லை.

2017 டிசம்பரில் கொரிய அரசின் ஆய்வுக் குழு வெளியிட்ட அறிக்கையில் ஓர் இடம் என்னை மிகவும் உறுத்துகிறது. உடன்பாட்டில் உள்ள ‘மீளமுடியாத’ என்ற சொல்லை முதலில் மேசையில் வைத்தது கொரியாதான். ஜப்பானின் மன்னிப்பு பின்வாங்க முடியாததாக இருக்க வேண்டும் என்பதற்காக அதைக் கேட்டார்கள். இறுதி வாசகத்துக்கு வரும்போது அது இடம் மாறி, பிரச்சினையின் தீர்வு மீளமுடியாதது என்றாகிவிட்டது. வரைவில் ஒரு சொல் எதன்மேல் உட்காருகிறது என்பதைப் பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஒருவர் அந்த அறையில் இருந்து பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. 2018 நவம்பரில் அறக்கட்டளையைக் கலைப்பதாக அரசு அறிவித்தது. 2019 டிசம்பரில் அரசியலமைப்பு நீதிமன்றம் இந்த உடன்பாடு வெறும் அரசியல் இணக்கம், சட்டப்படி யாரையும் கட்டாது என்றது. கட்டாது என்றால் பெண்களின் உரிமையும் அதனால் பறிபோகவில்லை என்று பொருள்.

அந்த உரிமையோடு அவர்கள் சியோல் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒரு நாட்டின் மீது இன்னொரு நாட்டில் வழக்குப் போட்டால் என்னென்ன தடை வரும் என்பதற்கு இது நல்ல பாடம்.

முதல் தடை சம்மன். நீதிமன்ற ஆவணங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவது பற்றிய ஹேக் உடன்படிக்கையின் 13-வது பிரிவு, தன் இறையாண்மைக்குப் பங்கம் என்று கருதினால் சம்மனைச் சார்வு செய்ய, அதாவது உரியவரிடம் சேர்ப்பிக்க, ஒரு நாடு மறுக்கலாம் என்கிறது. ஜப்பான் அதைக் காட்டி வாங்க மறுத்தது. 2013-ல் சமரச மனுவாகத் தொடங்கி 2016-ல் வழக்கான முதல் மனு இப்படியே வருடக்கணக்கில் நின்றது. கடைசியில் நீதிமன்றம் பொது அறிவிப்பு மூலம் சார்வு ஆனதாகக் கொண்டு விசாரித்தது. அதற்குள் மனுதாரர்களில் பலர் இறந்துவிட்டார்கள்.

அடுத்தது இறையாண்மை விலக்குரிமை. ஓர் அரசின் செயலை இன்னொரு நாட்டு நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்ற பழைய வழக்கம். 2012 பிப்ரவரி 3-ல் ஜெர்மனி–இத்தாலி வழக்கில் சர்வதேச நீதிமன்றம், நாஜிக் கொடுமைகளுக்கும் இந்த விலக்குரிமை உண்டு என்று தீர்த்திருந்தது. அதையும் மீறி, 2021 ஜனவரி 8-ல் சியோல் மத்திய மாவட்ட நீதிமன்றம் 12 பேருக்கு ஆளுக்கு 10 கோடி வோன் தர உத்தரவிட்டது; மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு இந்தக் கவசம் பொருந்தாது, இவர்களுக்கு வேறு வழியும் இல்லை என்றது. மூன்றே மாதத்தில், ஏப்ரல் 21 அன்று, அதே நீதிமன்றத்தின் வேறு அமர்வு இன்னொரு குழுவின் வழக்கை விலக்குரிமையைக் காட்டித் தள்ளியது. 2023 நவம்பர் 23-ல் சியோல் உயர் நீதிமன்றம் அதைத் திருப்பி, ஆளுக்கு 20 கோடி வோன் கொடுக்கச் சொன்னது. தன் மண்ணில் இன்னொரு அரசு செய்த தீங்கை விசாரிக்கலாம் என்பது இப்போது வழக்கமாகிவருகிறது என்பது அதன் வாதம். ஜெர்மனி வழக்கு போர் நடக்கும் இடத்தில் படைகள் செய்தது பற்றியது. கொரியா அப்போது போர்க்களம் இல்லை, காலனி என்று வேறுபடுத்துவோரும் உண்டு. 1951-ல் கொரியாவை மேசைக்கு வெளியே நிறுத்திய அதே காரணம் இங்கே அதற்குச் சாதகமாக நிற்கிறது.

ஜப்பான் மேல்முறையீடு செய்யவே இல்லை. செய்தால் அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றதாகிவிடும். ஆகவே தீர்ப்புகள் தாமாக இறுதியாயின. பணம் வரவில்லை. ஏனென்றால் மூன்றாவது தடை, நிறைவேற்றம். விசாரணைக்கு விலக்கு இல்லை என்றாலும் ஜப்திக்கு விலக்கு தனியே உண்டு. தூதரகக் கட்டடத்தையும் அதன் பொருட்களையும் வியன்னா உடன்படிக்கையின் 22-வது பிரிவு காக்கிறது. தூதரகப் பணிக்கான வங்கிக் கணக்கையும் தொட முடியாது. ஜப்பானிய நிறுவனங்களின் சொத்து ஜப்பான் அரசின் சொத்தாகாது. கட்டாய உழைப்பு வழக்குகளில் நிறுவனங்களே பிரதிவாதிகள் என்பதால் அங்கே ஜப்தி நடந்தது, இங்கே அது முடியாது. அரசு வணிகத்துக்காக வைத்திருக்கும் சொத்து ஏதாவது கிடைத்தால் மட்டுமே வழி. 2021 மார்ச்சில், வழக்குச் செலவைக்கூட ஜப்பானிடம் வசூலிக்கக் கூடாது என்று அதே நீதிமன்றம் சொன்னது.

இத்தாலி இதே இடத்தில் முட்டிக்கொண்டு 2022-ல் ஒரு வழி கண்டது. தன் நீதிமன்றங்களில் ஜெர்மனிக்கு எதிராக வென்றவர்களுக்குத் தன் நிதியிலிருந்தே கொடுக்கச் சட்டம் போட்டது. குற்றம் செய்தவன் தராத பணம்தான், குறைதான். கையில் தீர்ப்பை வைத்துக்கொண்டு காத்திருக்கும் தொண்ணூறு வயதுக்காரிக்கு அது வெறும் தாளைவிட மேல்.

சொந்த அரசின் கடமையைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள். பிலிப்பைன்ஸில் பம்பாங்கா மாகாணத்தின் மாபானிகே கிராமத்துப் பெண்கள், 1944 நவம்பரில் சிவப்பு வீடு என்று அழைக்கப்பட்ட மாளிகையில் அடைக்கப்பட்டவர்கள், தங்கள் அரசு தங்களுக்காக ஜப்பானிடம் பேசவில்லை என்று வழக்குப் போட்டார்கள். 2010-ல் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தள்ளியது. 2023 மார்ச்சில் ஐ.நா.வின் பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் குழு அவர்கள் பக்கம் நின்றது: போர் வீரர்களுக்கு ஓய்வூதியமும் சலுகையும் தரும் பிலிப்பைன்ஸ் இவர்களுக்கு எதுவும் தராதது பாகுபாடு என்றது. கொரியாவில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், அமெரிக்கப் படைத்தளங்களைச் சுற்றிப் பாலியல் தொழிலை நடத்தவும் ஊக்குவிக்கவும் கொரிய அரசே துணைபோனது சட்டவிரோதம் என்று உறுதி செய்து, அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு 30 லட்சம் முதல் 70 லட்சம் வோன் வரை கொடுக்கச் சொன்னது.

கொரியாவில் பதிவான 240 பேரில் உயிரோடு இருப்பவர்கள் இன்று பத்துப் பேருக்கும் குறைவு. இனி வரும் பேச்சு வாரிசுகளைப் பற்றியதாக இருக்கும். அதைவிடப் பெரியது வடகொரியா. அங்கும் இந்தப் பெண்கள் இருந்தார்கள். 1965 பணத்தில் அவர்களுக்குப் பங்கில்லை. 2002 செப்டம்பர் 17-ல் பிரதமர் கோய்சுமியும் கிம் ஜாங் இல்லும் கையெழுத்திட்ட பியோங்யாங் அறிவிக்கையில், 1945 ஆகஸ்ட் 15-க்கு முந்தைய சொத்து உரிமைகளை இரு தரப்பும் கைவிடும், பதிலுக்கு ஜப்பான் பொருளாதார ஒத்துழைப்பு தரும் என்ற வரி இருக்கிறது. 1965-ன் அச்சு அப்படியே. இந்த அறிவிக்கையைச் செயல்படுத்தும் ஒப்பந்தம் இன்னும் கையெழுத்தாகவில்லை என்பதால், தனிநபர் உரிமைகளை விலக்கி வைக்கும் ஒரு பிரிவையும், பெண்களின் பெயரில் தனிக் கணக்கையும், அவர்களின் வழக்கறிஞருக்கு மேசையில் ஒரு நாற்காலியையும் கேட்க அங்கே மட்டும்தான் இன்னும் இடமிருக்கிறது.